மஞ்சள் துணியில் இருந்த கண்கள்

தொரப்பள்ளிப் பால்காரர் பாலை அளந்துகொண்டே சொன்னார்: "கோயில் வாசல்ல தகடு விக்கிற நஞ்சம்மா போய்ச் சேந்துட்டாங்க வாத்தியாரே." நீட்டிய செம்போடு நின்றுவிட்டேன். என்றைக்கோ முடிந்துபோன ஒன்பது நாள் பயம் அப்படியே திரும்பி வந்தது.

ஓசூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற உங்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வாசலில் மூங்கில் தட்டு, அதில் வெள்ளித் தகட்டில் அடித்த கை, கால், கண். உடம்பில் எது நோகிறதோ அதை வாங்கி அம்மன் காலடியில் வைப்போம். அவருக்குத் தாய்மொழி கன்னடம், திட்டுவது மட்டும் தமிழில். "சின்னதாக் குடுக்கா" என்று யாராவது கேட்டால், "வலி சின்னதா?" என்பார்.

ஒருமுறை என் மகளுக்கு அம்மை போட்டு, முத்து இமைமேல் இறங்கி, இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. வகுப்பில் பிரம்பைச் சுழற்றுகிற எனக்கு அன்று இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. கோயிலுக்கு ஓடினேன். நஞ்சம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். தட்டின் ஓரத்தில் ஒரு சோடிக் கண் மட்டும் மஞ்சள் துணியில் தனியாக மடித்திருந்தது. மஞ்சள் துணி என்றால் பூசையில் வைத்ததுதானே? அதுதான் விசேஷம் என்று நினைத்து, துணியைத் தட்டிலேயே விட்டு, கண்ணை மட்டும் எடுத்துப் பூசாரியிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்தபோது நஞ்சம்மா வெறும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல இருந்ததையா எடுத்தீங்க?"

"ஆமாக்கா."

முகம் வெளிறிவிட்டது. "செரி, போங்க. அம்மா பாத்துக்குவா." அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து வீடு போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் உச்சிவேளையில், எங்கள் வீட்டு வாசலில் செருகிய வேப்பிலைக்கு அப்பால் வந்து நின்றார். "புள்ள கண்ணு தெறந்துச்சா?" இல்லை என்றேன். திரும்பி நடந்தார். தினமும் அதே நேரம், அதே கேள்வி. வெயில் ஏற ஏற நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. என்னவென்று கேட்கவும் பயம்.

ஒன்பதாம் நாள், மடியில் கிடந்த மகள் முனகினாள்: "அப்பா, செவப்புச் சேலை கட்டிக்கிட்டு வாசல்ல யாரோ நிக்கறாங்க."

வாசலில் நின்ற நஞ்சம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தக் கண்கள் அவர் தன் மகனுக்காக அம்மனுக்கு வைத்தவை. அவனுக்குப் பார்வை திரும்பவில்லை. காணிக்கைத் தகடுகள் மறுபடி விற்பனைக்கே வரும்; இன்னொரு பிள்ளைக்கு அது போய்விடக் கூடாதென்று பூசாரியிடமிருந்து திரும்ப வாங்கித் துணியில் மூடி வைத்திருந்தார்.

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா நீங்களும் பயப்படுவீங்க. ஒருத்தர் பயந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

பால்காரர் சொன்ன அன்றே துக்கம் கேட்கப் போனேன். அந்த மகன் தட்டைத் துழாவி, மஞ்சள் துணி முடிச்சை என் கையில் வைத்தான். நஞ்சம்மா அந்தக் கண்களைப் பூசாரியிடம் மறுபடியும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். "உங்ககிட்டக் குடுக்கச் சொல்லுச்சுங்க அம்மா. பாப்பா நல்லாப் பாக்குதுங்களா?" "பார்க்கிறாள்" என்றேன். அவனுக்கு எதிரே தலை நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிச்சு இப்போது எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில் இருக்கிறது. நேற்று எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தெரிந்தது. உச்சிவேளையில் போய் வேப்பிலைக்கு அப்பால் நின்று கேட்டேன்:

"புள்ள கண்ணு தெறந்துச்சா?"