அக்காவின் பூட்டு

அக்காவின் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்தபோது, பையின் அடியில் சிவப்பு வளையத்தில் கோத்த சிறு சாவி ஒன்று கிடந்தது. அவளிடம் காட்டினேன். காய்ச்சலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மின் சோதனை ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையை நிறுத்தி, அதன் பஸ்பாரைச் சோதித்திருந்தார்கள். கூரையை ஒட்டித் தகரக் கூட்டுக்குள் நீளும் செம்புப் பட்டைகள்தாம் பஸ்பார்; எல்லா இயந்திரங்களுக்கும் மின்சாரம் அங்கிருந்தே இறங்குகிறது. அதில் கை வைப்பவர்கள் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கும்வரை சுவிட்சைப் போட முடியாது; அதற்குரியவர் மேலே இருக்கிறார் என்று பொருள். அக்கா தன் பூட்டைக் கழற்ற மறந்து, காய்ச்சலோடு மதியமே நிறுவன வேனில் திருவள்ளூர் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“இன்னாமா, எல்லாரும் பூட்ட எடுத்துட்டாங்க. உன்னுது மட்டும் தொங்கினு கீது. ஷிஃப்டு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. வெட்டிடவா?”

“ஹெல்பர் அண்ணா எங்க சார்?”

“அவரு எப்பவோ கெளம்பியிருப்பாரு. போனு ஸ்விட்ச் ஆஃப்ல கீது.”

“அவரு வெளிய போனத பாத்தீங்களா?”

அந்த உதவியாளருக்குத் தனிப் பூட்டுக் கொடுத்திருக்கவில்லை. அக்கா கிளம்பும்போது, அவள் பூட்டை நம்பித்தான் அவர் மேலே ஏறி, கழற்றிய தகர மூடிகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவர் குரல் கேக்காம வெட்டாதீங்க சார். என் பூட்டுலதான் அவரும் இருக்காரு.”

“பிளான்ட்டே நிக்குதும்மா. திட்டு எனக்குத்தான்.”

“என் பேர சொல்லிடுங்க.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று கல்லூரித் தமிழ் வகுப்பில் நாங்கள் நாள்கணக்கில் விவாதிப்பதுண்டு. ஒரு பூட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று அந்த ஆலையில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

மீண்டும் அழைப்பு வந்தபோது பின்னணியில் சிரிப்பொலி. சூப்பர்வைசர் உதவியாளரைக் கடிந்துகொண்டிருந்தார்.

“உனக்கோசரம் கம்பெனியே நிக்குது, நீ டீக்கடைல போண்டா துன்னுகினு கீற. இந்தா, பேசு.”

“நான்தாம்மா. வெளியதான் கீறேன். காய்ச்சல் எப்படி கீது?”

அக்கா மறுபடி படுத்துக்கொண்டாள்.

“பரவாயில்லண்ணா. மூடியெல்லாம் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“சார், இப்ப வெட்டுங்க.”

இணைப்பைத் துண்டிக்காமலே அவர் உள்ளே நடந்தார்; சற்றுக் கழித்து இரும்பு அறுபடும் ஓசை கேட்டது. பிறகு அவள் என்னிடமிருந்து அந்தச் சாவியை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தாள்.

“நாளைக்கு ரெண்டு பூட்டு கேக்கணும்” என்றாள்.