அண்ணியின் லாரியும் மருத்துவரின் கேள்விகளும்

என் அண்ணி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். முதுகுக்குப் பின்னால் டேங்க் நிறையத் தண்ணீர் தளும்பும். அண்ணி மட்டும் ஒரு மடக்கு குடிக்க மாட்டார். குடித்தால் வழியில் ஒதுங்க இடம் தேட வேண்டுமே! பசி எடுத்தால் சிகரெட். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடிப் பூந்தொட்டியில் புதைத்த துண்டுகளைக் கிளறி எடுத்துக் குப்பையில் போட்டது நான்தான்.

கருப்பைவாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அண்ணி அழவில்லை. கதிர் சிகிச்சை முடிந்ததும் வண்டி எடுக்கலாமா என்பதுதான் மருத்துவரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி.

மருத்துவர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். நிறையப் பேர் நன்றாக மீண்டுவிடுகிறார்கள். சிலருக்குக் குடலோ சிறுநீர்ப்பையோ கெட்டுப்போய், மாதங்கள் கழித்து, ஏன், வருடங்கள் கழித்துக்கூட, அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். அப்புறம் எங்கே லாரி ஓட்டுவது? யாருக்கு வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிலருக்கு வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் இத்தனை கேள்வியாம்.

சர்க்கரை இல்லை. பிள்ளை பெற்றபோது வயிற்றைக் கிழித்தது உண்டு. பழைய தையலில் குடல் ஒட்டியிருந்தால் கதிர் படும் இடத்தை விட்டு நகராது என்று குறித்துக்கொண்டார். எடையைப் பார்த்து, இவ்வளவு ஒல்லியாக இருப்பதும் நல்லதில்லை என்றார். புகை பிடிப்பதுண்டா?

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க," என்றார் அண்ணி, கண் இமைக்காமல்.

மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போகப் போனார்.

"பிடிப்பாங்க," என்றேன்.

அண்ணி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா வாயே திறக்காத ஊமைக்கோட்டான், இன்னிக்குத் திறந்தது என்னைப் போட்டுக்கொடுக்கவாடி?"

மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புகை, குடலுக்குக் கெடுதல் வரும் வாய்ப்பைக் கூட்டுமாம். பழைய தையலை இனி மாற்ற முடியாது, இதை இன்றே விடலாம் என்றார். இன்னொன்று, தினமும் கதிர் வைக்கும் முன் தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறைந்த பிறகுதான் சிகிச்சை மேசையில் படுக்க வேண்டும். அது குடலை மேலே தள்ளி வைக்கும்.

"அடக்கணும், அவ்வளவுதானே? அதுல பரீட்சை வெச்சா நான்தான் முதல் மார்க்கு."

சிகரெட்டை விட்ட கோபத்தில் வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. அண்ணன் பெரும்பாலும் வாசலிலேயே நின்றார். நடுவில் வயிற்றுப்போக்கு அண்ணியை ஆட்டிவைத்து, மருந்தில் அடங்கியது. மற்றபடி குடித்தார், அடக்கினார், படுத்தார். உடம்பும் கொஞ்சம் தேறியது.

போன வாரம் வண்டி எடுக்க அனுமதி கிடைத்தது! என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். வழியில் ஹாரன் அடித்த பஸ்ஸையெல்லாம் திட்டித் தீர்த்தார். எனக்குச் சிறகு முளைத்தது போலிருந்தது. பாதி வழியில், எந்த நாளும் நிற்காத பெட்ரோல் பங்கில் சட்டென்று ஓரங்கட்டி, இறங்கி வேகமாக உள்ளே போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. வந்துவிட்டதா, மருத்துவர் சொன்ன அது?

திரும்பி வந்தவர் கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள்.

"மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி. தாகம்டி," என்று ஒன்றை என் மடியில் போட்டார். "குடி. அடுத்த பங்க்லயும் நிறுத்துவேன்."