வாயக்கா சொன்ன வயது

முகாமில் அவளை எல்லோரும் வாயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயாடி என்பதால் அல்ல. வேலை இல்லாத நேரத்தில் அவளிடமிருந்து நாலு வார்த்தை பிடுங்குவதே பெரும்பாடு. அகதிகளாக வந்த எங்களுக்கு இந்த ஊர் மொழி தெரியாது. இந்த ஊர் டாக்டருக்கும் அதிகாரிகளுக்கும் எங்கள் மொழி தெரியாது. நடுவில் நின்று அங்கே சொன்னதை இங்கும், இங்கே சொன்னதை அங்கும் சொல்வதுதான் அவள் பார்த்த வேலை. நான் அதே முகாம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருக்கிறேன்.

"ஏண்டி, உன் சொந்தப் பேச்சுன்னு ஒண்ணு கிடையாதா?" என்று கேலி செய்வேன்.

"வாயை வாடகைக்கு விட்டாச்சு. இப்ப எனக்கே அதுல இடமில்ல" என்பாள்.

பதிமூன்று வயதில் அப்பாவோடு இங்கே வந்தவள். அம்மா வழியிலேயே போய்விட்டாள். ஒரே தகர அறையில் இரண்டு குடும்பம். நடுவே நீலத் தார்ப்பாய்த் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாலு வாலிபர்கள். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். மகள் குழாயடிக்குப் போனால் பின்னாலேயே போவார். குளிக்கும் இடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவள் குளித்து முடிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை அடைத்து நிற்பார். "மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள்தான் உக்காந்திருப்பேன்?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். அவளுக்குப் பதினாறு நடக்கும்போது ஒரு லாரி மெக்கானிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று.

மெக்கானிக் அடித்தான். கதவைத் திறக்கத் தாமதமானால் அடி. பக்கத்து அறைக்காரன் மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்னால் அடி. ஒருநாள் விட்ட அறையில் இடது காது கேட்காமலே போயிற்று. அப்பாவிடம் ஓடினாள். அவர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி, அழுதுகொண்டே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நாலாம் வருடம் மெக்கானிக் வேறு நாட்டுக்குப் படகேறினான். அதோடு ஒரு தகவலும் இல்லை. தன் கல்யாணத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அந்தப் படகுதான் என்பாள்.

அதற்குப் பிறகுதான் அவள் இந்த ஊர் மொழியைக் கற்றது. காது மந்தம் என்று சொல்லி வரிசையில் முன்னால் போய் நின்று, அதிகாரிகளின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். முதலில் பதிவு அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே ஒன்று: கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

அந்த விதியை அவள் ஒரு தடவை மீறினாள்.

ஒரு சைக்கிள் ரிப்பேர்காரர், மனைவியில்லாதவர், இரண்டு பெண்களோடு பதிவுக்கு வந்தார். மூத்தவளுக்கு வயது பதினேழு என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் அப்பாவின் சட்டையை இழுத்து, "எனக்குப் பதிமூணுதானப்பா?" என்றாள்.

"குழந்தை என்ன சொல்லுது?" என்று அதிகாரி கேட்டார்.

பெரிய பெண் இருக்கிற குடும்பத்துக்குத்தான் அப்போது தாழ்ப்பாள் போட்ட தனி அறை. மற்றவர்களுக்குத் தார்ப்பாய்த் திரை. ரிப்பேர்காரர் வாயக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தன் அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது.

"பசிக்குதாம்" என்று சொல்லிவிட்டாள்.

பதிவு அட்டையில் பதினேழு ஏறியது. தாழ்ப்பாள் போட்ட அறையும் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலை நேரம், மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண்ணை மாமியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். வாயக்கா இங்கே மாறி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அட்டையில் வயது பத்தொன்பது. பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதே சைக்கிள் ரிப்பேர்காரரின் மூத்த மகள். அட்டைக்கணக்குப்படி பதினெட்டு ஆனதும் கல்யாணம் முடிந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்கச் சட்டத்தில் காரணமும் இல்லை.

"குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டா. இவளுக்குக் கால் எங்க தரையில நிக்குது?" என்றாள் மாமியார்.

டாக்டர் மாமியாரை வெளியே உட்காரச் சொன்னார். பெண்ணின் மேல்கையில் ஐந்து விரல் பதிந்த பழைய கன்றல் இருந்தது. "யார் இப்படிச் செய்தது என்று கேளுங்கள்" என்றார்.

வாயக்கா கேட்டாள். அந்தப் பெண் கதவைப் பார்த்தபடி சொன்னாள்: "அவருதான் கையை முறுக்கிட்டாரு அக்கா. ஆனா வழுக்கி விழுந்தேன்னே சொல்லிடுங்க. நான் வீட்டுக்குத் திரும்பிப் போனா, வாழாம வந்தவளோட தங்கச்சின்னு அவளை யாரும் கட்ட மாட்டாங்கன்னு அப்பா பயப்படுவாரு. இப்பவே அவளை யாருக்காவது குடுத்துடுவாரு. அவளுக்குப் பன்னெண்டுதான்."

இந்தத் தடவை வாயக்கா கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கெஞ்சலையும் சேர்த்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். பிறகு தன் பேச்சாக ஒன்றைச் சொன்னாள்: "இவளுக்குப் பதினஞ்சுதான் டாக்டர். அந்தப் பொய்யை எழுத வெச்சது நான்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார் என்று என்னிடம் சொன்னாள்.

டாக்டர் எழுதியனுப்பியதன் பேரில் மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. அப்பா வந்தார், கணவன் வந்தான், வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். பிறப்புச் சான்றிதழ் சொந்த ஊரிலேயே வீட்டோடு எரிந்துபோயிருந்தது. பெண்ணுக்குப் பத்தொன்பது என்று அப்பா அடித்துச் சொன்னார். பெண் தலை நிமிராமல், "வழுக்கித்தான் விழுந்தேன். அந்த அக்கா தப்பாச் சொல்லிட்டாங்க" என்றாள்.

விசாரித்த அம்மாள் நல்லவர்தான். வாயக்காவைத் தனியாக அழைத்து, "அன்றைக்குப் பொய் சொன்னதாக நீங்களே சொல்கிறீர்கள். இன்றைக்குச் சொல்வது உண்மை என்று நான் எதை வைத்து எழுதுவது?" என்று கேட்டார். பெண் கணவனோடு போனாள். வாயக்காவை மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் வரிசை எண் கூப்பிடும் வேலைக்குப் போட்டார்கள். முகாமில் சில பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். குடும்பத்தைக் கெடுக்கிறவள் என்று பெயர்.

இரண்டே மாதத்தில் தங்கைக்கும் கல்யாணமாயிற்று. அக்காவின் விவகாரம் ஊரெல்லாம் நாறிவிட்டது, இனி தாமதித்தால் யார் வருவார்கள் என்றாராம் ரிப்பேர்காரர். அந்தச் செய்தி வந்த அன்று வாயக்கா சாப்பிடாமல் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "நான் சும்மா இருந்திருந்தா அவளாவது தப்பிச்சிருப்பாளா?" என்று கேட்டாள். தப்பித்திருக்கலாம், தப்பிக்காமலும் போயிருக்கலாம்.

போன வாரம் அந்த மூத்த பெண் என் ஜன்னலுக்குச் சத்து மாத்திரை வாங்க வந்தாள். வயிறு தெரிந்தது. மாமியார் நாலடி தள்ளி நின்றாள்.

"அந்த அக்காவுக்கு என்மேல கோபமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கோபமெல்லாம் இல்லம்மா" என்றேன். மாமியார் நெருங்கவும், மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் வாயக்காவிடம் சொன்னேன்.

"எத்தனாவது மாசம்?"

"அஞ்சு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "பதினாறு ஆகறதுக்குள்ள பிறந்துடும்" என்றாள். வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். எழுந்து போய் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.