மூன்றாவது கையெழுத்து

பெரியதனம் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை கொட்டகைக்குள் எல்லாரும் காத்திருந்தோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் போட்ட வேலைக் கொட்டகை அது. உள்ளே காற்று அடித்துக்கொண்டே இருந்ததால் ஒப்பந்தத் தாளின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டிருந்தோம். செயற்பொறியாளர் ஒரே இழுப்பில் போட்டுவிட்டார். காண்ட்ராக்டர் இரண்டு வளைவு வளைத்து அடியில் கோடு இழுத்தார். பெரியதனம் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்பி வந்து வைத்து, எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "சரியா கீதா டைப்பம்மா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். எழுபதுகளின் பிற்பகுதி. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பேருந்தில் வந்துபோகும், பாலம் கட்டும் அரசுத் துறையின் தற்காலிகத் தட்டச்சர்.

குப்பத்துத் தலைவரை அங்கே பெரியதனம் என்றுதான் அழைப்பார்கள். அவர் பெயரை எழுதினால் அவருடைய ஆட்கள் யாராவது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். அதனால் நானும் பெரியதனம் என்றே சொல்கிறேன். அவருடைய குப்பத்துக்கும் சாலைக்கும் நடுவில் ஏரியின் உப்பங்கழி ஒன்று ஓடியது. மீன்கூடையோ பள்ளிப் பிள்ளையோ நோயாளியோ, எல்லாம் தோணியில்தான் வர வேண்டும். பிரசவ வலி கண்டு தோணியில் ஏற்றிய இரண்டு பெண்கள் கரை சேருமுன்பே இறந்துபோயிருந்தார்கள். பாலம் கேட்டுப் பல வருடம் மனுக் கொடுத்து, டெண்டரும் விட்டு, இரண்டு காண்ட்ராக்டர்கள் வந்து இரண்டு பேரும் பாதியில் ஓடிப்போனார்கள். சேறு இவ்வளவு ஆழம் என்று சொல்லவில்லை என்று அவர்கள் எங்கள் துறைமேல் வழக்குப் போட, துறை அவர்கள்மேல் வழக்குப் போட, கழியில் இரும்புக் கம்பிகள் மட்டும் துருவேறி நின்றன.

அப்போது இருந்த செயற்பொறியாளர் வேறு மாதிரி மனிதர். இந்தச் சண்டையைத் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் வாதாடி ஒரு புதுவகை ஒப்பந்தத்துக்கு அனுமதி வாங்கி வந்தார். துறை, காண்ட்ராக்டர், குப்பம், மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது. திங்கள்கிழமைதோறும் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது. கண்ணில் பட்ட குறையை அன்றே சொல்லிவிடுவது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் வேலை அடுத்த கட்டத்துக்குப் போகும். அப்படி ஒத்துக்கொண்டு செய்தது கெட்டுப்போனால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதில்லை, வழக்குக்குப் போவதில்லை, மூவருமாகத் தாங்கிக்கொள்வது. குப்பத்தின் பங்கு தோணிகளும் ஆள்பலமும், அதைவிட முக்கியமாக அந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்கிற விவரமும். இதை அவர் விளக்கியபோது பெரியதனம் சட்டென்று புரிந்துகொண்டார். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்று பிரித்துச் சீட்டுப் போட்டு, நல்ல இடமும் கெட்ட இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும்படி செய்துகொள்கிறவர்கள் அவர்கள். "எங்க பாடு கணக்காத்தான் சார் இது. ஒருத்தன் மட்டும் துன்னுட்டுப் போவ முடியாது" என்றார்.

முதல் பதினான்கு மாதம் அது நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் வட்டமான காங்கிரீட் கிணறு கட்டி, உள்ளிருக்கும் மண்ணை வாரி எடுக்க எடுக்க அதைக் கீழே இறக்குவார்கள். கெட்டித் தரை தட்டியதும் அடைத்துவிட்டு அதன்மேல் தூணை எழுப்புவார்கள். இரண்டாவது கிணறு சாய்ந்தபோது காண்ட்ராக்டர் மறைக்கவில்லை. திங்கள்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் சைக்கிளில் ஆள் அனுப்பினார். குப்பத்து ஆட்கள் மூழ்கிப் பார்த்து ஒரு பக்கம் பழைய மரம் புதைந்து கிடப்பதைச் சொன்னார்கள். மூன்று நாளில் சரியானது. பழைய முறையாக இருந்தால் அதற்கு ஒரு வருடக் கடிதப் போக்குவரத்தை நான் தட்டச்சு செய்திருப்பேன்.

கூட்டக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை நான் பெரியதனத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு அவர் கையெழுத்துப் போடுவார். நான் சொல்லும்போது அவர் தலையைக் கொஞ்சம் கவிழ்த்துக்கொண்டு கேட்பார். தான் பேசியது தாளில் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு குழந்தைத்தனமான பெருமை இருந்தது. "நான் இருமினதையும் எழுதிட்டியா?" என்று ஒருமுறை கேட்டுச் சிரித்தார்.

பிறகு அந்தச் செயற்பொறியாளருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்குத் திங்கள்கிழமைக் கூட்டமே அவமானமாகப்பட்டது. சட்டை போடாத ஒருவர் தனக்குச் சமமாக நாற்காலியில் உட்காருவதை அவரால் சகிக்க முடியவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை அவர் ரத்து செய்யவில்லை. அது தனக்கு எதற்குப் பயன்படும் என்று வந்த இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது கிணறு இறங்கிக்கொண்டிருந்த சமயம். மந்திரியை வைத்துப் பாலத்தைத் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. கிணறு ஒரு களிமண் படுகையில் போய் நின்றது. இதுவே போதும், அடைத்துவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். பெரியதனம் எழுந்து நின்றுவிட்டார்.

"வாணாம் சார். இது ஏமாத்துற களி. இதுக்கு அடியில சேறு கீது. மழைத் தண்ணி எறங்குறப்ப இந்த எடத்தைத்தான் அறுக்கும். இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் போவணும்."

செயற்பொறியாளர் முழுவதும் கேட்டார். "சரி பெரியதனம், நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றார். காண்ட்ராக்டரும் தலையாட்டினார். பெரியதனம் வெளியே பீடி குடிக்கப் போனபோது செயற்பொறியாளர் என்னை அழைத்து வாசகத்தைச் சொன்னார். மூன்று தரப்பும் சேர்ந்து பார்வையிட்டு, கிணற்றை இப்போதுள்ள ஆழத்திலேயே அடைத்துவிட ஒருமனதாக ஒப்புக்கொண்டன என்று. என் விரல்கள் நின்றுவிட்டன.

"சார், அவர் வேற மாதிரி சொன்னாரே?"

"அவன்கிட்ட அவன் சொன்னதையே படிச்சுக் காட்டு. சந்தோஷமா போட்டுட்டுப் போவான்." அப்புறம் குரலை மாற்றாமல், "உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜைலதாம்மா இருக்கு" என்றார்.

இதற்குமேல் அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு அது ஒரு சாக்காக இருந்திருக்கும். நான் அடித்தேன். பெரியதனம் உள்ளே வந்தார். தாளைப் பார்த்துக்கொண்டே, "மூணாவது கிணத்த இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் இறக்கணும்னு பெரியதனம் சொன்னார், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்று வாசிப்பதுபோலச் சொன்னேன். வரி முடியும் இடத்தில் விரலை அடுத்த வரிக்குக்கூட நகர்த்தினேன். அவர் புள்ளிகளை மறக்காமல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாளே குப்பத்து ஆட்களை எதிர்க்கரையில் மண்மேடு போடும் வேலைக்கு மாற்றினார்கள். ஆழமாக இறக்க மெட்ராஸிலிருந்து தனி ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது கிணறு அடைக்கப்பட்டு அதன்மேல் தூண் எழும்பத் தொடங்கியிருந்தது. குப்பத்து ஆட்களில் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது பெரியதனம் அவரைக் கடிந்துகொண்டார். "பேப்பர்ல கீதுடா. எனுக்குப் படிச்சுக் காட்னாங்க."

மந்திரி வந்தார். மாலை போட்டார்கள். பெரியதனத்துக்கும் ஒரு மாலை விழுந்தது. அவர் மனைவி அன்று பாலத்தின்மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான்கு முறை நடந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த ஐப்பசியில் ஏழு நாள் மழை. ஆறுகள் ஏரிக்குள் கொட்டின. எட்டாம் நாள் காலை வெயில் வந்ததும் பெண்கள் கூடையோடு சந்தைக்குக் கிளம்பினார்கள். மூன்றாவது தூண் சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஒரு பக்கமாக உட்கார்ந்ததுபோல இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மேல்தளம் நழுவி விழுந்தது. மூன்று பெண்கள் செத்தார்கள். ஒருத்தி பெரியதனத்தின் மனைவி. நண்டுக்கூடையின் கயிறு அவள் தோளில் மாட்டியபடி இருந்ததாம்.

விசாரணை பயணியர் விடுதியில் நடந்தது. மேஜைமேல் கூட்டக் குறிப்பு. பெரியதனம் அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நான் எறக்கணும்னுதான் சார் சொன்னேன். அப்படித்தான் எழுதிகீதுன்னு இந்தம்மா படிச்சாங்க" என்றார். நான் பொய் சொன்னதாக அவர் சொல்லவில்லை. தாளை யாரோ பின்னால் மாற்றிவிட்டதாகத்தான் நினைத்திருந்தார். விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். செயற்பொறியாளர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில் இருப்பதைத்தான் படித்துக் காட்டினீர்களா?"

"ஆமாம் சார். இருந்ததைத்தான் சொன்னேன்."

பெரியதனம் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ தேடுகிறவர்போல நெற்றியைச் சுருக்கினார். "அந்தப் பொண்ணு இத்தினி நாளு தப்பா படிச்சதில்ல சார்" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப என் காதுலதான் இன்னாவோ கோளாறு போலக்கீது" என்றார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கேட்கும் திறன் குறைந்தவர் என்று. அந்த வாக்குமூலத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

முடிவு எளிதாக வந்தது. மூன்று தரப்பும் ஒருமனதாக எடுத்த தீர்மானம், ஆகவே எவர்மேலும் குற்றமில்லை. பழி போடுவதில்லை என்று ஒப்பந்தமே சொல்கிறது. குப்பம் ஒப்பந்தத்தில் ஒரு பங்காளி, பாதிக்கப்பட்ட வெளியாள் அல்ல. ஆகவே நிவாரணம் கேட்க அதற்கு உரிமை இல்லை. முதல் செயற்பொறியாளர் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த ஜனங்களின் கழுத்தைச் சுற்றி இறுகியது. காண்ட்ராக்டருக்கு வேறொரு ஊரில் வேறொரு பாலம் கிடைத்தது. எனக்கு மறுமாதம் நிரந்தர உத்தரவு வந்தது. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

குப்பத்தில் கூட்டம் கூடியது. செத்துப்போன மற்ற இரண்டு பெண்களின் வீட்டாரும் பெரியதனத்தை நடுவில் நிற்க வைத்துக் கேட்டார்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் என்று எவரும் பார்க்கவில்லை. அவர் ஒரே பதிலைத்தான் சொன்னாராம். "நான்தான் தப்பா கேட்டுட்டு ஒத்துக்கினேன்." தலைமையைப் பறித்தார்கள். பாடு பிரிக்கச் சீட்டுப் போடும்போது அவர் பெயரை எழுதவில்லை. வலை வீச இடமில்லாமல் அவரும் மகளும் ஓரச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்தார்கள்.

சில வருடம் கழித்து அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார். "டைப்பம்மா, நல்லா கீறியா?" இளைத்திருந்தார். நான் ஏதோ சொன்னதும் தலையைத் திருப்பி இடது பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பக்கமா சொல்லும்மா. அந்தக் காது ஆவாது." பிளாட்பாரத்தில் எங்களைச் சுற்றி யாரும் இல்லை. செயற்பொறியாளர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். என் வேலையை எவரும் பறிக்க முடியாது. ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் அவருடைய இடது பக்கம் போய் நின்று, குரலை உயர்த்தி, "உடம்பப் பாத்துக்குங்க" என்று கத்திச் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ரயில் வந்தது.

என் தங்கை மகன் இப்போது கட்டுமானப் பொறியாளர். பொது வேலைகளில் எல்லாத் தரப்பும் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ஒப்பந்தத்தில் லாபநஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை வருகிறது என்று உற்சாகமாகச் சொல்கிறான். நல்ல முறைதான் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டான். எங்கேயோ படித்தேன் என்றேன்.

போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். கழிமேல் இப்போது பெரிய பாலம், லாரிகள் போகின்றன. மீன்கடையில் இறால் கேட்டபோது கடைக்காரப் பெண்மணி என்னை உற்றுப் பார்த்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "நீங்க டைப்பம்மாதானே? நான் பெரியதனம் பொண்ணு" என்றாள். அவர் இறந்து பல வருடமாகிவிட்டதாம்.

"கடேசி வரைக்கும் காத கொடஞ்சிகினே இருந்தாரும்மா. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். டாக்டரு பாத்துட்டு ரெண்டு காதும் நல்லா கீதுன்னாரு. இவரு நம்பல. டாக்டரையே திட்டிட்டு வந்துட்டாரு." எடை போட்டபடி நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலத்துலயே எங்க நைனாவுக்குக் காது மந்தமா?"

"ஆமா" என்றேன். "கொஞ்சம் மந்தம்தான்."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப சரி. என் தம்பி சொல்லிகினே இருப்பான், நைனாவ யாரோ ஏமாத்திட்டாங்கன்னு. இல்லடா, அப்படிலாம் யாரும் செய்ய மாட்டாங்கன்னு நான் சொல்லுவேன்."

எடைக்கு மேல் ஒரு கை இறாலை அள்ளிப் போட்டாள். வேண்டாம் என்றதற்கு, "எங்க நைனாவுக்குப் படிச்சுக் காட்னவங்க நீங்க" என்றாள். வாங்கிக்கொண்டு வந்து அன்றே சமைத்தேன். நன்றாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.