பாஸ் மீனுக்கு ஐஸ் போட்ட இரவு

கடந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பாரிசுக்கு வெளியே ஓர் ஏரியில் நடந்த இரவுநேர பாஸ் மீன்பிடிப் போட்டிக்குப் போனேன். கூட்டிப்போனவர் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக் குகன். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் உணவகச் சமையல்காரர். படகுக்கு இரண்டு பேர் வேண்டும். அவருடைய கூட்டாளிக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டதால், எழுபத்து நான்கு வயதில் நான் ஏறினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். காதில் விழுந்தது மட்டும் மறக்காது.

எங்கள் தெருவான ரூ பிலிப்-து-ஜிராரில் மாலை ஆறரைக்குக் காரை எடுத்தோம். சென் தெனி புறநகரைத் தாண்டும்வரை நெரிசல். எழுபது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஏரியின் பெயரைப் போட வேண்டாம் என்று சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு முப்பது யூரோ, படகும் அதற்குள்.

கரையில் சங்கத் தலைவி விதிகளை வாசித்தார். பிடித்த மீனைப் படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, எடை பார்த்தபின் ஏரியிலேயே விடவேண்டும். அது தானாக நீந்திப் போகவேண்டும். செத்த மீன் கொண்டுவருபவருக்கு அடுத்த வருடம் அழைப்பில்லை. இந்த ஓர் அழைப்புக்காகக் குகன் இரண்டு வருடம் காத்திருந்தவர்.

ஒன்பது மணிக்குப் படகுகள் புறப்பட்டன. பத்தரைக்குப் பிறகுதான் நல்ல இருட்டு. தவளைபோன்ற ரப்பர் இரையை நாணல் ஓரமாக எறிந்து இழுத்தபடி இருந்தோம். பன்னிரண்டரைக்குத் தூண்டில் வளைந்தது. பெரிய மீன்! குகன் அதைத் தொட்டியில் விட்டார். சரசரவென்று ஏதோ கொட்டும் சத்தம் கேட்டது, மூடி விழுந்தது. நான் முன்பக்கம் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் மூடியைத் திறந்தார்.

“ஐயா, இது அசையுதில்லை.”

“உள்ளுக்கை என்னடா போட்டனீ?”

“ஐஸ்... குடிக்கிற சோடாவுக்குக் கொண்டந்தது. கை தானாப் போட்டிட்டுது ஐயா.”

“நாளைக்குக் குழம்பு வைக்கப் போறியோ?”

சிரிக்கவில்லை அவர். உணவகத்தில் நாளெல்லாம் மீன் வந்ததும் ஐஸ் கொட்டி மூடுகிற கை. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இருவரும் ஐஸை அள்ளி வெளியே எறிந்தோம். ஏரித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக ஊற்றினோம். நான் விளக்கைச் செவுளுக்கு நேரே பிடித்தபடி பார்த்தேன். திறந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி திறந்தது.

“உயிர் கிடக்கோ?”

“ஓம். கிடக்குது. ஊத்து!”

இரண்டு மணிக்குக் கரைக்கு வந்தோம். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். தலைவி மீனைத் திருப்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விடச் சொன்னார். குகன் முழங்காலளவு தண்ணீரில் நின்று அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். கையை எடுத்தார்; மீன் சாய்ந்தது. மறுபடி தாங்கினார். அப்போது வாலை ஓர் அடி அடித்து, அவர் முகமெல்லாம் தண்ணீர் தெறிக்கப் போய்விட்டது.

“போயிட்டுது ஐயா!” அப்படிக் கத்துவதை நான் கேட்டதேயில்லை.

பதினொரு படகில் ஆறாவது இடம். தலைவி கைகுலுக்கி, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். திரும்பும் வழியில் குகனின் மனைவி தொலைபேசியில், “மீன் எங்கை?” என்று கேட்டார். “நீந்துது” என்றார் குகன்.

போக நினைப்பவர்களுக்கு: இது தனியார் ஏரி என்பதால்தான் இரவில் பிடிக்க முடிந்தது, மற்ற இடங்களில் முதலே விசாரியுங்கள். அந்நேரம் ரயில் இல்லை, கார் வேண்டும். ஜூலையிலும் கம்பளிச் சட்டை எடுங்கள். சோடாவைக் கரையிலேயே குடித்து முடியுங்கள். கூட்டாளி சமையல்காரர் என்றால், படகில் ஏறுமுன் அவருடைய பையைத் திறந்து பாருங்கள்.