பன்னிரண்டு குடங்களும் ஒரு புதன்கிழமையும்

“நாலு எழுத்துப் படிச்சிட்டா வீட்டையே சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிரலாம்னு நெனப்பாக்கும்?”

சித்தப்பா இதைச் சொன்னது ஆனி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. எனக்குக் கடலோர ஊரான மண்டபத்தில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆடி பாதியில் போய்ச் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அங்கே இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டேன். அம்மா ஒரே ஒரு விதிதான் வைத்தாள். ஆடி மாதத்தில் வீடு மாற மாட்டாள். அதற்கு முன்னால் என்றால் வருவாள்.

அம்மா வராவிட்டால் நானும் போக முடியாது. வயசுப் பிள்ளையைத் தனியாக ஊர் பேர் தெரியாத இடத்தில் விட முடியாது என்று சித்தப்பா நாலு பேரை வைத்துச் சொல்லிவிட்டார். ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆவணியில் எனக்கு வேலை இருக்காது என்பது அவருக்கும் தெரியும். என்னைப் பெற்ற அய்யா இறந்து ஆறு வருடங்களாக அம்மாதான் சித்தப்பாவுடைய மிளகாய்க் கொல்லையில் பழம் எடுக்கிறாள், காயப் போடுகிறாள், காம்பு கிள்ளுகிறாள். அவள் போனால் அந்தக் கொல்லைக்கு ஆள் வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

ஆக, எனக்கு இருந்தது திங்களும் செவ்வாயும். புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வரும். ஒரே நடைதான், இரண்டாவது நடைக்கு ஓட்டுநருக்கு வேறு வாடகை இருந்தது. பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் புது வீட்டில் பால் பொங்கியாக வேண்டும்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து வீட்டைச் சுற்றி வந்தேன். ஒரு வருடமாகக் கை படாத எதுவும் வண்டியில் ஏறாது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது, அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் நீ ஜெயித்த கோப்பையை என்ன செய்வது என்று கேட்டாள். கோப்பையை வேண்டாத சாமானோடு ஒதுக்கினேன். அதன் பிறகு கால் உடைந்த முக்காலியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவுக்கு மட்டும் மல்லுக்கு நின்றாள். சரி, அண்டா வரட்டும், ஆனால் காலியாக வரக் கூடாது என்று துணி முழுவதையும் அதற்குள் திணித்தேன். எது வந்தாலும் அதன் வயிற்றில் இன்னொன்று வர வேண்டும்.

பெட்டிகள் கிடைக்கவில்லை. பக்கத்து நயினார்கோவில் கடைகளில் கேட்டால் இரண்டோ மூன்றோ அட்டைப்பெட்டிகள் தந்தார்கள், அவையும் அடி இற்றவை. அப்போதுதான் குடங்களைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் குழாயில் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், அதனால் எந்த வீட்டிலும் ஆட்களைவிடக் குடங்கள் அதிகம். நாங்கள் இரண்டு பேர், குடங்கள் பன்னிரண்டு. பருப்பு, அரிசி, புளி, கரண்டிகள், டம்ளர்கள், சோப்பு, மிளகாய் வத்தல் எல்லாவற்றையும் குடங்களுக்குள் இறக்கி, வாயில் துணி வைத்துக் கட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டேன். நோட்டில் எண்ணுக்கு நேரே உள்ளே இருப்பதை எழுதிக்கொண்டேன். குடம் உருளும், நசுங்காது, நனையாது. பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி மறுநாள் வந்து, தன் மகள் வீடு மாறும்போது இப்படித்தான் செய்யச் சொல்லப் போகிறேன் என்றாள்.

பாத்திரங்களைப் பழைய சேலைகளில் சுற்றினேன். அங்கே போனதும் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும், அப்போதுதான் முதலில் இறங்கும். இதை இரண்டு முறை எழுதி வைத்தேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் அம்மியையும் பழைய விளக்குமாற்றையும் தவிர வீட்டில் எதுவும் கட்டப்படாமல் இல்லை.

பீரோவைத் தூக்க நாலு ஆள் அனுப்புவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். புதன்கிழமை ஆறரை வரை யாரும் வரவில்லை. கேட்டதற்கு, கருவேலம் வெட்ட அனுப்பிவிட்டேன், மறந்துபோச்சு என்றார். கையில் தேநீர் டம்ளருடன் வாசலில் நின்றார். ஏழரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும், பிறகு ஒன்பது வரை வண்டி கிளம்பக் கூடாது. நாங்கள் கிளம்பவே மாட்டோம் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் தண்ணீர்க் குடம் தள்ளும் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தேன். பீரோவை முன்னால் சாய்த்து, அடியில் சாக்கைச் சொருகி, அந்த வண்டியின் மேல் படுக்க வைத்து நானும் அம்மாவும் தள்ளினோம். குட்டியானைக்காரர் மறுமுனையைப் பிடித்து ஏற்றினார். ஏறி முடித்தபோது மணி ஏழே முக்கால். ஒன்பது வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டேன், எங்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. சித்தப்பாவும் பைக்கில் பின்னாலேயே வந்திருந்தார். கதவைத் திறந்தேன். அடுப்பும் பால் சொம்பும் விளக்கும் நான் நினைத்தபடியே முதலில் இறங்கின. அம்மா உப்பையும் மஞ்சளையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே போகவில்லை.

“நெறகொடம் எங்கத்தா?”

புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது ஒரு குடம் தண்ணீர். பன்னிரண்டு குடங்களும் வண்டியில் இருந்தன. ஒன்றில்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய நான் அதை எழுதவில்லை. குடம் என்றால் தண்ணீர் என்பதையே இரண்டு நாளில் மறந்திருந்தேன். பிழை என்னுடையதுதான், அதை யார் மேலும் போட முடியாது.

சித்தப்பா சத்தமாகச் சிரித்தார். “பன்னெண்டு கொடத்தக் கட்டிக் கொண்டாந்துட்டு ஒரு கொடம் தண்ணி இல்லாம நிக்கிற. இதத்தான் காலேசுல சொல்லிக் குடுத்தாகளா? மதினி, வண்டியத் திருப்பச் சொல்லுங்க. ஆவணியில வரலாம்.”

குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில்தான் தண்ணீர் வரும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டினேன். சட்டென்று காலி செய்யக்கூடியது ஏழாம் எண், வத்தல் இருந்த எவர்சில்வர் குடம். ஒரு சேலையை விரித்து அதில் வத்தலைக் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்து, யார் எவர் என்றுகூடக் கேட்காமல் தன் தொட்டியைக் காட்டினார்.

அதற்கும் சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். இரவல் தண்ணீரில் குடி போனால் காலத்துக்கும் இரவல் பிழைப்புதான் என்றார்.

“ஊர்ல லாரித் தண்ணி பிடிக்கிறோமே சித்தப்பா, அது யாரு வீட்டுக் கெணத்துத் தண்ணி?” என்று கேட்டேன்.

குடத்தை இரண்டு தடவை அலசினேன். காரம் போகவில்லை. தொட்டியில் மிச்சம் ஒரு குடத்துக்குத்தான் இருந்தது, மூன்றாவது அலசலுக்கு நேரமும் இல்லை, மணி பதினொன்றே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியே நிரப்பி அம்மாவின் இடுப்பில் வைத்தேன். அம்மா வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் படியில் படுவதற்குள் தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

ஒற்றைத் தும்மலுக்கு எங்கள் ஊரில் மாட்டைக்கூட அவிழ்க்க மாட்டார்கள். குட்டியானைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா திரும்பி நடந்தால் என் வேலையும் அத்தோடு போய்விடும்.

“பாத்தியளா மதினி,” என்றார் சித்தப்பா. இந்த முறை சிரிக்கவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மா காலை எடுத்த இடத்தில் வைத்தாள். குடத்தை இடுப்பில் சரி செய்துகொண்டாள்.

“வத்தக் காரத்துக்குத் தும்முனேன் தம்பி. ஒங்க கொல்லையில பழம் எடுக்கையிலயும் காம்பு கிள்ளையிலயும் நாளெல்லாம் தும்முனேன். அன்னைக்கு ஒரு நாளாச்சும் சகுனஞ் சரியில்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொன்னியளா?”

பதிலுக்கு நிற்கவில்லை. வலது காலை வைத்து உள்ளே போய்விட்டாள். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது பால் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை அம்மா சித்தப்பாவுக்குத்தான் கொடுத்தாள். அவர் குடித்தார், குடிக்கும்போது ஒரு தடவை இருமினார், பைக்கை எடுத்தார். இரண்டு மணிக்குள் மற்ற பதினொரு குடங்களையும் பிரித்து, அந்தந்த இடத்தில் வைத்து, பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஊரில் இன்னும் பேசுகிறார்கள், அந்த வீடு விளங்காது என்றும், மழைக்காலத்துக்குள் இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றும். வரட்டும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். எங்கள் இருவர் பெயரும் சித்தப்பாவின் ரேஷன் கார்டில்தான் இருந்தது. அதிலிருந்து நீக்கி, மண்டபத்து முகவரியில், அம்மாவைக் குடும்பத் தலைவியாகப் போட்டுப் புதுக் கார்டு வாங்க வேண்டும் என்று சொன்னேன். அம்மாவுக்குச் சம்மதம்தான், ஆனால் ஆடி கழியட்டும் என்றாள். அவள் அதைச் சொன்னது ராத்திரி. அன்று மதியமே, உணவு இடைவேளையில், நான் விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன்.