குழாய் நின்றபோது

என் வலக்கண்ணில் பார்வை தங்குமா என்று மருத்துவராலேயே உறுதி சொல்ல முடியாத நாள்கள் இருந்தன. சபையில் எழுந்து பேசும் துணிவு எனக்கில்லை. ஆகவே, அன்பானவர்களே, இச்சாட்சியை எழுதித் தருகிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது, சுங்கைப் பட்டாணியில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அது நடந்த வாரம் எங்கள் வட்டாரம் முழுவதும் தண்ணீர் வெட்டு. சிடாம் கிரியிலுள்ள எங்கள் வீட்டில் முகம் கழுவவும் வழியில்லை. அன்று காலை நான் ஜெபிக்கவில்லை, முறுமுறுத்தேன். மாணவர் அனைவரும் பெரிய போத்தல்களில் குடிநீரைப் பள்ளிக்குச் சுமந்து சென்றோம்.

வேதியியல் கூடத்தில் அமில-காரத் தரம்பார்த்தல். தொட்டியில் எஞ்சிய நீரை நம்பி ஆசிரியை சோதனையைத் தொடங்கினார். என் துணை ரஹீமா, துணிக்கடைக்காரர் மகள், வகுப்பிலேயே கெட்டிக்காரி. நான் பிப்பெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடை ஏற்றினேன். அளவுக்கோட்டை நுட்பமாகப் பார்க்கவேண்டிப் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியிருந்தேன். பிப்பெட்டின் உறிஞ்சும் ரப்பர்ப் பந்து நழுவியது. காரம் கண்ணில் தெறித்தது.

ரஹீமா குழாயைத் திருகும் சத்தம் கேட்டது.

"ஐயோ, பைப்பு நின்னுருச்சுலா!"

அடுத்து அமில பீக்கரை எடுத்தாள்.

"கண்ணத் தொற! அசிட் ஊத்துறேன், நியூட்ரல் ஆயிடும்!"

காரத்தை அமிலம் நடுநிலையாக்கும். அந்த மேசையில் நாங்கள் செய்துகொண்டிருந்ததே அதுதான். குடுவைக்கு அது சரி. கண்ணுக்கோ இன்னொரு தீ. வேதனையில் நானும் அவளை நம்பினேன். இமையைத் திறந்தே கொடுத்தேன்.

அதுவரை உதடு அசையாமல் ஜெபித்துப் பழகியவள் நான். அந்தக் கணம் என்னையும் மீறி அலறினேன்: "ஆண்டவரே, தண்ணி! தண்ணி குடுங்க!"

ரஹீமாவின் கை நின்றது. பீக்கர் மேசையில் அமரும் ஓசை கேட்டது.

"ஆயேர்! ஆயேர்! எல்லாரும் போத்தலக் கொண்டாங்க!" என்று மலாயும் தமிழுமாய்த் தண்ணீர் கேட்டுக் கத்தினாள்.

ஆசிரியை ஓடிவந்து என் இமைகளை விரித்துப் பிடித்தார். போத்தல் போத்தலாக நீர் கண்ணில் இறங்கியது. நடுவே ரஹீமாவின் குரல்: "டேய், அது சிராப்புடா, இனிப்புத் தண்ணி! பந்தியா வைக்கிறோம்? தண்ணி கொண்டாடா!"

"உடனே இவ்வளவு தண்ணீர் ஊற்றியதால்தான் இந்தக் கண்ணுக்கு நம்பிக்கை இருக்கிறது," என்றார் மருத்துவர். கட்டுப் போட்டிருந்த நாள்களில் அம்மா கட்டிலருகே முழங்காலிட்டார். ஜெபக்குழுவினராகிய நீங்கள் முறைவைத்து உபவாசமிருந்தீர்கள். ரஹீமாவும் வந்தாள்.

"நான் மட்டும் அத ஊத்தியிருந்தா…"

"ஊத்தலதானே? அழுவாத."

"எங்க வீட்டுலயும் ஒனக்காகத் துஆ கேக்குறாங்கலா."

கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது வெறும் வெளிச்சம். நாள்கள் செல்ல அம்மாவின் சேலைக்கரை தெரிந்தது, பிறகு எழுத்து. இன்று பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். ஓரத்தில் மெல்லிய மங்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதற்கும் ஸ்தோத்திரம்.

குழாய் வறண்டதற்காக அன்று காலை முறுமுறுத்தேன். அது வறண்டிராவிட்டால் அத்தனை போத்தல்கள் அந்தக் கூடத்திற்கு வந்திரா. இப்போது நான் வாய்விட்டே ஜெபிக்கிறேன்.

உங்கள் வீட்டில் இன்று எது நின்றுபோயிருக்கிறதோ, நான் அறியேன். அழகிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். வேண்டியதைச் சத்தமாகக் கேளுங்கள். பரலோகத்தில் கேட்பவர், பக்கத்தில் நிற்பவரின் கையையும் திருப்ப வல்லவர்.